மேட்டுப் பாத்திக்கு வீட்டிலேயே மழைக்கூடு: குழாயா, மூங்கிலா, எந்த ஷீட்?

குழித்துறைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். குமரி மாவட்டம் குழித்துறையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஹாலோ பிளாக் அடுக்கி மேட்டுப் பாத்தி மூன்று போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 10 அடி நீளம். மண் நல்ல மண், சாணமும் சருகும் நிறையக் கலந்தது. ஆனால் இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) வந்ததும் கொத்தமல்லி எல்லாம் தரையோடு படுத்துவிட்டது. தண்டங்கீரை பிழைத்தது, ஆனால் இலையின் அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் தெறித்து ஒட்டியிருக்கும், அதைக் கழுவி ஆய்வதற்குள் சமையல் நேரமே போய்விடும். மிளகாய் நாற்றுதான் ரொம்ப வருத்தம். இரண்டு இலை விட்டு நன்றாக நின்றது, பிறகு மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு நூல் மாதிரி மெலிந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தது.

இனி ஐப்பசி மழை வருகிறது. வெளிநாட்டுக்காரர்கள் வீடியோவில் குழாயை வளைத்து நட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் போட்டு, நாலு பக்கமும் ஓரத்தில் மண்ணைத் தள்ளி இறுக்கமாக மூடுகிறார்கள். உள்ளே கீரை அப்படிச் செழிப்பாக நிற்கிறது. அதே மாதிரி நம் ஊரில் செய்யலாமா? பிவிசி குழாய் நல்லதா, மூங்கில் நல்லதா? என்ன ஷீட் வாங்க வேண்டும், எவ்வளவு உயரம் வைக்க வேண்டும்? கோழியும் மயிலும் வேறு வருகின்றன, அதற்கும் சேர்த்து ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

தக்கலை_தோட்டம்:

தங்கச்சி, குழாய் வளைப்பது, ஷீட் போடுவது எல்லாம் தாராளமாகச் செய்யலாம். நாலு பக்கமும் மண் போட்டு மூடுவதை மட்டும் செய்யாதீர்கள். அந்த வீடியோக்காரர்கள் மூடுவது குளிருக்காக. ராத்திரி உறைபனி விழுந்து நாற்று கருகிவிடும் ஊர் அது, பகலில் விழுகிற கொஞ்ச வெயிலையும் உள்ளே பிடித்து வைக்க வேண்டும் என்பதற்காக அடைக்கிறார்கள். நமக்கு மார்கழி விடியற்காலையில்கூட சமவெளியில் 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இங்கே மூடின ஷீட்டுக்குள் மழை விட்டு வெயில் அடித்தால் பதினொரு மணிக்குள் 40 டிகிரியைத் தாண்டிவிடும், கீரை வெந்துவிடும்.

உங்கள் மிளகாய் நாற்று சாய்ந்தது நாற்றழுகல் நோய். மண்ணில் ஈரம் தங்கி, காற்றும் ஓடாமல் இருந்தால் அந்தப் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். மூடின கூட்டுக்குள் ஷீட்டின் உட்பக்கம் வேர்த்து, அந்தத் துளி திரும்ப நாற்று மேலேயே சொட்டும். மழையை வெளியே தடுத்துவிட்டு உள்ளே நாமே ஒரு மழையை உண்டாக்கின மாதிரி ஆகிவிடும்.

அதனால் முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். எதைத் தடுக்கப் போகிறோம்? மழையையா, வெயிலையா, பூச்சியையா, கோழியையா? மழைக்கு மேலே கூரை மட்டும் போதும், பக்கம் திறந்திருக்க வேண்டும். வெயிலுக்கு நிழல்வலை. வெள்ளை ஈக்கு நெருக்கமான நைலான் வலை. கோழிக்கும் மயிலுக்கும் பெரிய கண் உள்ள வலையே போதும். சட்டம் ஒன்றுதான், அதன் மேல் போடுவதைத்தான் காலத்துக்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டும். கேரள எல்லை தாண்டிப் போனால் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வீடுகளில் மழமற என்கிற மழைக்கூடு போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அதுவும் கூரை மட்டும்தான், பக்கம் எல்லாம் திறப்புதான். நீங்கள் செய்ய வேண்டியது அதன் குட்டி வடிவம்.

நாகர்கோவில்_மாடி:

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். குளிர் ஊர்க்காரர்களே எந்நேரமும் மூடி வைப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றிக் காய்கறி போட்டவர்கள் மணி மாதிரி ஊதின கண்ணாடிக் கவிப்புகளை ஆயிரக்கணக்கில் வைத்திருந்தார்கள், ஒவ்வொரு லெட்யூஸ் செடி மேலும் கவிழ்ப்பார்கள். வெயில் ஏறினால் படிப்படியாக வெட்டுப் போட்ட குச்சி ஒன்றைக் கண்ணாடியின் ஓரத்தில் முட்டுக் கொடுத்துத் தூக்கி வைப்பார்கள். எந்த வெட்டில் வைக்கிறோமோ அந்த அளவுக்குக் காற்று. அந்தக் குளிரிலேயே அவர்களுக்கு அவ்வளவு காற்று தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் நான் 20 லிட்டர் தண்ணீர் கேனின் அடியை அறுத்துவிட்டு நாற்று மேல் கவிழ்க்கிறேன். மூடி போடுவதில்லை, வாய் திறந்தே இருக்க வேண்டும். அதுவும் நட்ட முதல் வாரம் மட்டும், சாயங்காலம் கவிழ்த்துக் காலையில் வெயில் உறைக்கும் முன் எடுத்துவிடுவேன். ராத்திரி மழையும் நத்தையும் அண்டாது. காற்று அடிக்கும் இடமானால் கழுத்தில் கயிறு கட்டிக் கல்லில் பிணைக்க வேண்டும், இல்லையென்றால் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விடும்.

குழித்துறைக்காரி:

ரொம்ப நன்றி அண்ணாச்சி. அப்படியானால் கூரை மட்டும் என்று வைத்துக்கொள்கிறேன். அளவோடு சொன்னால் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சாமான் வாங்கிவிடலாம். பிளம்பிங் வேலையில் மிஞ்சின அரை இஞ்சுக் குழாய் கொஞ்சம் கிடக்கிறது.

தக்கலை_தோட்டம்:

4 அடி அகலப் பாத்திக்குக் கணக்கு சுலபம். கரண்டு வயரிங்குக்குப் போடும் 20 மில்லிமீட்டர் பிவிசி பைப் 10 அடி நீளமாக வரும், அதை வெட்டவே வேண்டாம். 8 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை 2 அடித் துண்டாக வெட்டி, ஒரு அடி மண்ணுக்குள், ஒரு அடி வெளியே நிற்கும்படி அடியுங்கள். ஹாலோ பிளாக்குக்கு வெளிப்பக்கம் ஒட்டி அடிக்க வேண்டும், உள்பக்கம் அடித்தால் கூரைத் தண்ணீர் பாத்திக்குள்ளேயே விழும். இந்தப் பக்கக் கம்பியில் பைப்பின் ஒரு முனையைச் செருகி, வளைத்து, அந்தப் பக்கக் கம்பியில் மறு முனையைச் செருகினால் வளைவு தயார். உச்சி 4 அடிக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும். இரண்டரை அடிக்கு ஒரு வளைவு என்று வைத்தால் 10 அடிப் பாத்திக்கு 5 வளைவு. உச்சியில் குறுக்கே ஒரு பைப் ஓட்டி ஒவ்வொரு வளைவோடும் கட்டுங்கள். ஆக 6 பைப், கம்பித் துண்டு 10. மிஞ்சின அரை இஞ்சு பிளம்பிங் குழாய் கெட்டிச் சுவர் உள்ளதாக இருந்தால் இந்த அளவுக்கு வளைக்கச் சிரமம், சில நேரம் மடிந்து முறியும். அதை உச்சிக் குழாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சிக் குழாயை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால் இரண்டு வளைவுக்கு நடுவில் ஷீட் தொய்ந்து தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீரின் பாரத்தில் மறுநாள் வளைவே ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கும்.

ஷீட் 12 அடி நீளம், 7 அடி அகலம் போதும். இரண்டு தலைப்பிலும் ஒரு அடி வெளியே நீட்டி நிற்கட்டும், அது சாரலைத் தடுக்கும். அகலத்தில் இரண்டு பக்கமும் தரையிலிருந்து 2 அடி திறந்திருக்கும்படி விடுங்கள். பாத்தி மண்ணே முக்கால் அடி உயரம் இருப்பதால் செடிக்குப் பக்கத்தில் ஒன்றேகால் அடிதான் திறப்பு, அதற்குக் குறைக்க வேண்டாம். ஷீட்டின் இரண்டு நீள ஓரத்திலும் ஒரு குழாயைச் சுற்றிவிட்டால் கனத்துக்குக் கனம், வெயில் நாளில் அப்படியே சுருட்டி மேலே ஏற்றிக் கட்டவும் வசதி. தலைப்பு இரண்டும் முழுத் திறப்புதான்.

வாங்கும்போது யுவி ஷீட் என்று கேட்டு 200 மைக்ரான் வாங்குங்கள், கடையில் 800 கேஜ் என்றும் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். கிலோ கணக்கில் தரும் சாதாரண வெள்ளைப் பிளாஸ்டிக் விலை குறைவு. ஆனால் நம் வெயிலில் ஒரு பருவத்துக்குள் காய்ந்து, தொட்டால் அப்பளம் மாதிரி உடையும். அதன் துணுக்கு எல்லாம் உங்கள் பாத்தி மண்ணில்தான் கலக்கும், பொறுக்கி எடுக்கவே முடியாது. எனக்கு அதில்தான் பயம். பணத்தைவிட மண் பெரிது.

திருவட்டார்_தெங்கு:

மண் பெரிது என்று சொல்லிவிட்டு ஏன் பிளாஸ்டிக்? நம் வீட்டில் தென்னை நிற்கிறது, ஓலை விழுகிறது. முடைந்த ஓலையைச் சாய்த்துப் போட்டால் மழையும் தடுக்கும், வெயிலும் தடுக்கும், செலவும் இல்லை. எங்கள் அம்மா வெற்றிலைக் கொடிக்கும் கத்தரி நாற்றுக்கும் ஓலைதான் சாய்த்து வைப்பார்கள். நாலு கமுகு வரிச்சு நட்டு, குறுக்கே இரண்டு கட்டினால் சட்டம் ஆயிற்று. இதற்குப் போய்க் குழாய், ஷீட், கம்பி என்று கடைக்கு அலைய வேண்டுமா? பழைய ஓலை இற்றுப் போனால் அதுவே பாத்திக்கு உரம். ஷீட் கிழிந்தால் எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள்?

தக்கலை_தோட்டம்:

ஓலையை நான் குறை சொல்லவே மாட்டேன். விதை போட்டு முளைக்கும் வரைக்கும், பிடுங்கி நட்ட நாற்று வேர் பிடிக்கும் வரைக்கும் ஓலையை மிஞ்ச ஒன்றும் இல்லை. அதற்கு அப்புறம்தான் பிரச்சினை. ஐப்பசியில் வானமே பாதி நாள் இருட்டு. அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையும் ஓலை மறைத்தால் மிளகாய் நாற்று வெளுத்து, கழுத்து நீண்டு, நிமிர்ந்து நிற்கப் பலம் இல்லாமல் போகும். கொத்தமல்லியும் அப்படித்தான். மழைக்காலக் கூரை வெளிச்சத்தை விட வேண்டும், தண்ணீரை விடக் கூடாது. அது இரண்டும் ஓலையில் சேர்ந்து வராது.

சித்திரை, வைகாசி வெயிலுக்கு நீங்கள் சொல்வதுபோல் ஓலையையே போடலாம். அப்போது மறைக்க வேண்டியது வெளிச்சத்தைத்தான்.

திருவட்டார்_தெங்கு:

முளைக்கும் வரைக்கும் ஓலை, பிறகு ஷீட் என்றால் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் சட்டத்துக்குக் கமுகு போதும் என்பதில் நான் மாறவில்லை. கமுகை நன்றாக முற்றின மரமாகப் பார்த்துக் கீறி, உள்சோற்றைச் செதுக்கிவிட்டு வைத்தால் நெடுங்காலம் நிற்கும். வளையாது என்பதால் வளைவுக்குப் பதில் கூரை வீடு மாதிரி இரண்டு பக்கச் சரிவாகக் கட்ட வேண்டும். தண்ணீர் அதில் இன்னும் நன்றாக ஓடும்.

பேச்சிப்பாறை_மலையடி:

நான் அணைக்குக் கீழே ரப்பர் தோட்டப் பக்கம். எங்கள் மழை குழித்துறை மழையைவிட ஒரு பிடி அதிகம், அதனால் அனுபவத்தில் சொல்கிறேன், சரிவு கூடுதலாக வைப்பதுதான் நல்லது, திருவட்டார் அண்ணன் சொன்ன இரண்டு பக்கச் சரிவு இங்கே நன்றாக நிற்கிறது. மூங்கில் வைப்பவர்கள் வெட்டின உடனே கட்டாதீர்கள். இரண்டு மூன்று வாரம் ஓடையிலோ குளத்திலோ அமுக்கிப் போட்டு, நிழலில் உலர்த்தி எடுத்தால் உள்ளே இருக்கும் மாவுச்சத்து கரைந்துவிடும், உளுப் பூச்சி அவ்வளவாக ஏறாது. கீறின மூங்கில் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், ஷீட் படும் இடத்தில் எல்லாம் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றிவிடுங்கள்.

ரப்பர் மரத்துக்கு மழைக்காலத்தில் பால் வெட்டும் இடத்துக்கு மேல் பாவாடை மாதிரி ஒட்டும் பிளாஸ்டிக் எங்கள் வீடுகளில் மிஞ்சிக் கிடக்கும், அதைக் கூரைக்குப் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அகலமும் போதாது, கனமும் போதாது, ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு மாளாது.

இன்னொன்று, எல்லோரும் கூரையைப் பற்றியே பேசுகிறோம், கூரையிலிருந்து விழும் தண்ணீர் எங்கே போகும்? ஒரே கோட்டில் விழுந்து விழுந்து பிளாக்குக்கு அடியில் மண்ணைப் பறித்துவிடும், பாத்திச் சுவரே சாயும். இரண்டு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்குச் சால் எடுத்து, சல்லியோ தேங்காய்ச் சிரட்டையோ நிரப்பி, தாழ்வான பக்கம் வடியும்படி விடுங்கள். மூன்று பாத்தி அடுத்தடுத்து இருந்தால் நடுச் சாலில் இரண்டு கூரைத் தண்ணீர் விழும், அது கொஞ்சம் ஆழம் வேண்டும்.

ஆரல்வாய்மொழி_காற்று:

நீங்கள் எல்லோரும் மழையைச் சொல்கிறீர்கள், எங்களுக்குக் காற்று. முப்பந்தலில் இவ்வளவு காற்றாலை நிற்பது சும்மா இல்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரைக்கும் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றில் 4 அடி உயரக் கூடு நிற்காது. தோவாளைப் பக்கம் யாராவது இதைப் படித்துச் செய்யப் போனால் உயரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள், வளைவு ஒன்றரை அல்லது இரண்டு அடிக்கு ஒன்று வையுங்கள். பாத்தியின் நீளம் கிழமேலாக இருந்தால் நல்லது, காற்றுக்குத் தலைப்புதான் எதிராக நிற்கும், முழுப் பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ளாது. மேற்குத் தலைப்பை மட்டும் நிழல்வலையால் அடைக்கலாம். ஷீட்டால் அடைத்தால் காற்று வேறு வழி பார்த்து அடியில் புகுந்து தூக்கும், வலை என்றால் வேகம் குறைந்து உள்ளே போய்விடும்.

ஷீட்டைக் கிளிப்பில் மட்டும் நம்பி விடாதீர்கள். இரண்டு வளைவுக்கு நடுவில் ஷீட்டின் மேலாகக் கயிற்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அங்கிருந்து இங்கே என்று குறுக்கும் மறுக்குமாக இழுத்துத் தரையில் முளையடித்துக் கட்ட வேண்டும். முடிச்சு இழுத்தால் அவிழும் சுருக்காக இருக்கட்டும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலை இந்த மாவட்டத்தில் மறந்தவர் கிடையாது, ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்த காற்றில் குழாய்க்கூடு எம்மாத்திரம். வானிலை மையம் புயல் என்று சொன்ன உடனே ஷீட்டை அவிழ்த்துச் சுருட்டி வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். சட்டம் தனியாக நின்றால் காற்று ஊடே போய்விடும். பறக்கும் ஷீட் கரண்டுக் கம்பியில் போய் விழுந்தால் அது வேறு ஆபத்து.

மண்டைக்காடு_கடலோரம்:

எங்கள் பக்கம் உப்புக் காற்று. கட்டுக்கம்பியால் கட்டினால் சீக்கிரமே துருப்பிடித்து அறுந்துவிடும், துருவின் முனை ஷீட்டையும் கிழிக்கும். நைலான் கயிறோ, மீன்வலைக்காரர்கள் கழித்துப்போடும் கயிறோ போதும், உப்பு அதை ஒன்றும் செய்யாது. கிழிந்த மீன்வலையே கோழிக்கும் மயிலுக்கும் நல்ல தடுப்பு, பக்கத் திறப்பில் தொங்கவிட்டுக் கீழே கல் வைத்தால் போதும். ஆனால் வலையை இழுத்து விறைப்பாகக் கட்ட வேண்டும். தொளதொளவென்று விட்டால் ஓணான், சாரைப்பாம்பு எல்லாம் சிக்கிக்கொண்டு சாகும், பார்க்கவே பாவமாக இருக்கும். எலி பிடிக்கும் சாரை நம் தோட்டத்துக்கு வேண்டிய பிராணி.

கிளிப்புக்குக் கடைக்குப் போக வேண்டாம். 25 மில்லிமீட்டர் பைப்பை மூன்று விரல் அகலத் துண்டாக அறுத்து, ஒரு பக்கம் நீளவாக்கில் கீறிவிட்டால் 20 மில்லிமீட்டர் பைப் மேல் கச்சிதமாக உட்காரும். கீறின ஓரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க வேண்டும். ஷீட் முதலில் கிழிவது எப்போதும் கிளிப் ஓரத்தில்தான்.

தக்கலை_தோட்டம்:

நல்ல யோசனை. அதோடு, பிவிசி பைப் வெயிலில் சூடேறும்போது அதை ஒட்டியிருக்கும் ஷீட் அந்த இடத்தில் மட்டும் சீக்கிரம் நைந்துபோகும். சூடு ஒரு காரணம், பிவிசியும் பாலித்தீனும் ஒட்டிக் கிடப்பதே ஒத்துக்கொள்ளாது என்பது இன்னொன்று. வளைவுகளுக்கு வெள்ளைப் பெயிண்ட் ஒரு கை அடித்துவிட்டால் ஷீட்டின் ஆயுள் கூடும்.

மார்த்தாண்டம்_தேன்பெட்டி:

தேனீக்காக ஒரு வார்த்தை. வெள்ளை ஈக்குப் பயந்து 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) வலையால் முழுக்க மூடுகிறவர்கள் உள்ளே என்ன போடுகிறோம் என்று யோசிக்க வேண்டும். கீரை, கொத்தமல்லி, நாற்று என்றால் பூவைப் பற்றிக் கவலை இல்லை. மிளகாய், தக்காளி, கத்தரி தன் பூவிலேயே காய் பிடிக்கும், காற்று ஓடாத வலைக்குள் காலையில் செடியை லேசாகத் தட்டிவிட்டால் போதும். பாகல், வெள்ளரி, பூசணி, தடியங்காய் (நீர்ப்பூசணி) இவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வரவில்லையென்றால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும், உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் அள்ளிப் போடுவார்கள். பூக்கத் தொடங்கினதும் வலையைக் காலையில் தூக்கிவிடுங்கள், வெயில் ஏறும் முன் தேனீ வேலையை முடித்துவிடும். பீர்க்கு, புடலை, சுரை பூப்பது சாயங்காலம், அவற்றைக் கூட்டுக்குள் போடாமல் பந்தலில் ஏற்றுவதுதான் சரி.

1920களில் ஒய்எம்சிஏ மையம் தொடங்கி வைத்ததிலிருந்து எங்கள் ஊரில் வீட்டு முற்றத்தில் தேன்பெட்டி வைக்கும் பழக்கம் இருக்கிறது. ரப்பர் தளிர்க்கும் காலத்தில் தேன் நிறைய, மழைக்காலம் வந்தால் தேனீக்குப் பட்டினிக் காலம். மழையிலும் உங்கள் கூரைக்கடியில் நனையாமல் நிற்கும் துளசிப் பூவும் வெள்ளரிப் பூவும் அதற்குப் பெரிய உதவி. பக்கத்தைத் திறந்து வைக்க எனக்கு இதுவும் ஒரு காரணம்.

மருந்து அடிப்பவர்கள் தயவுசெய்து பூ விரிந்திருக்கும் நேரத்தில் அடிக்காதீர்கள்.

குழித்துறைக்காரி:

இவ்வளவு பேர் நேரம் எடுத்து எழுதினது ரொம்பச் சந்தோஷம். சட்டம் நட்டாச்சு, தக்கலை அண்ணாச்சி சொன்ன அளவு அப்படியே பொருந்துகிறது. முதல் பாத்தியில் கொத்தமல்லியும் செங்கீரையும், இரண்டாவதில் மிளகாய், கத்தரி நாற்று. மூன்றாவதில் பாகல் போட நினைத்தேன், தேன்பெட்டிக்காரர் சொன்னதைப் பார்த்ததும் அதைக் கூடு இல்லாமல் விடுகிறேன்.

கேள்விகள் இன்னும் இருக்கின்றன. கூரைக்கடியில் தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும்? நாற்றழுகல் கூரை போட்டாலே நின்றுவிடுமா? ராத்திரியில் அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தை வேறு பிளாக் சுவரில் ஏறி வருகிறது, இதற்கு என்ன செய்கிறீர்கள்? 40 மெஷ் வலை போட்டால் மிளகாய் இலை சுருளாமல் இருக்குமா?

தக்கலை_தோட்டம்:

தண்ணீர் விஷயத்தைக் கேட்டது நல்லது. வெளியே கொட்டோ கொட்டு என்று கொட்டும், பாத்திக்குள் மண் காய்ந்து கிடக்கும், மழை பெய்கிறதே என்று யாரும் தண்ணீர் விட மாட்டார்கள். இந்தக் கூட்டில் செடி சாவது பெரும்பாலும் இப்படித்தான். விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் ஒட்டினால் விட வேண்டாம், ஒட்டவில்லையென்றால் காலையில் விடுங்கள். சாயங்காலம் விட்டால் ராத்திரி முழுக்க ஈரம் நிற்கும், பூஞ்சணம் வரும். உரமும் வழக்கமாகப் போடுவதைவிடக் குறைக்கலாம், மழை கரைத்துக்கொண்டு போவதில்லை அல்லவா.

நாற்றழுகல் கூரையால் நிறையக் குறையும், முழுதாக நிற்காது. விதையை நெருக்கி எறியாமல் வரிசையாக இடம் விட்டுப் போடுங்கள். நோய்ப் பூஞ்சணத்தை அடக்கும் நல்ல பூஞ்சணமான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு, வீட்டுக்கு ஒரு சிட்டிகை போதும், சோற்றுக் கஞ்சியில் பிசறி நிழலில் உலர்த்திப் போடுங்கள். வேளாண் துறைக் கடைகளில் கிடைக்கும், திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் விசாரித்துப் பார்க்கலாம். நாற்றங்காலுக்கு மட்டும் மேல் மண்ணை ஒரு விரல் கனம் எடுத்துவிட்டு, சலித்த மணலும் மட்கின உரமும் பரப்புவது என் வழக்கம், தண்டை ஒட்டின இடம் சீக்கிரம் உலரும்.

இலைச் சுருட்டைக்கு வெள்ளை ஈ காரணம் என்றால் 40 மெஷ் வலை நன்றாக உதவும், நாற்றுப் பருவத்தில் போட்டால் போதும், அந்த வயதில் தொற்றினால்தான் செடி தேறாது. இலைப்பேனும் (த்ரிப்ஸ்), இலைச் சாறு உறிஞ்சும் பொடிச் சிலந்தியும் (மைட்) அந்தக் கண்ணுக்குள் புகுந்துவிடும், அவை இலையைச் சுருட்டினால் வலை மேல் பழி போடக் கூடாது. இலை மேல்பக்கமாகக் கிண்ணம் போல் மடங்கினால் இலைப்பேனைப் பாருங்கள், கீழ்ப்பக்கமாகக் கவிழ்ந்தால் சிலந்தி.

பேச்சிப்பாறை_மலையடி:

நத்தைக்கு நான் சொல்கிறேன், எங்கள் பக்கம் அதுதான் பெரிய தொல்லை. சாம்பலும் சுண்ணாம்பும் தூவினால் ஏறாது என்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் மழையில் நனைந்த சாம்பல் மேல் அது பாட்டுக்கு நடந்து போகும். கூரை இருந்தால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது. பிளாக்கின் மேல் விளிம்பில் சுற்றிலும் இரண்டு விரல் அகலத்துக்கு அடுப்புச் சாம்பல் போடுங்கள், கூரைக்குக் கீழே என்பதால் உலர்ந்தே இருக்கும், சாரல் அடித்த நாள் மட்டும் புதுச் சாம்பல். உப்பை மட்டும் போட்டுவிடாதீர்கள், நத்தை சாகும், மண்ணும் கெடும். சாயங்காலம் பப்பாளி இலையும் முட்டைக்கோசு இலையும் நனைந்த சாக்குக்கு அடியில் வைத்தால் ராத்திரி எல்லாம் அங்கே கூடும், விடியும் முன் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போட்டு, அப்புறம் தோட்டத்துக்கு வெளியே குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொட விடவே கூடாது. மூளையைத் தாக்கும் புழு அதன் உடம்பில் இருக்கலாம். அது ஊர்ந்த கீரையை நன்றாகக் கழுவி வேக வைத்துத்தான் சாப்பிட வேண்டும். கொத்தமல்லியைப் பச்சையாகப் போடுகிறோம், அதனால் அந்தப் பாத்தியில் இன்னும் கவனம்.

கன்னிப்பூ நெல் அறுவடை வைக்கோல் இப்போது கிடைக்கும், மூடாக்குப் போட ஆசை வரும். நத்தை நிற்கும் வரைக்கும் கனமாகப் போட வேண்டாம், பகலில் ஒளிந்துகொள்ள அதுவே இடம் கொடுக்கும்.

ஆரல்வாய்மொழி_காற்று:

கொத்தமல்லி போடுகிறீர்கள் என்பதால், விதையை இரண்டாக உடைத்து ஒரு ராத்திரி ஊறப்போட்டு விதையுங்கள். சூடு கூடினால் அது சரியாக முளைக்காது, முளைத்தாலும் சீக்கிரம் பூத்துவிடும், அதனால் வெயில் அடிக்கும் நாளில் பக்க ஷீட்டை மேலே சுருட்டிக் கட்டுவதை மறக்காதீர்கள்.

குழித்துறைக்காரி:

எல்லாம் குறித்துக்கொண்டேன். கொத்தமல்லி முளைத்து வருகிறது, இலையில் ஒரு பொட்டு மண் இல்லை. மழை சாய்ந்து அடிக்கும் பக்கம் மட்டும் ஓரத்து வரிசை நனைகிறது, அது பரவாயில்லை. தை பிறந்து மழை நின்ற பிறகு இந்த ஷீட்டை அப்படியே விடலாமா, கழற்ற வேண்டுமா?

தக்கலை_தோட்டம்:

ஓரத்து வரிசையில் செங்கீரையை மாற்றிப் போடுங்கள், அது நனைந்தாலும் தாங்கும், கொத்தமல்லி நடுவில் இருக்கட்டும்.

மழை நின்றதும் கழற்றிவிட வேண்டும். சும்மா வெயிலில் கிடந்தால் யுவி ஷீட்டும் வீணாகத் தேயும். பாசி படிந்திருக்கும், அதைச் சோப்புத் தண்ணீரும் பழந்துணியும் வைத்து மெதுவாகத் துடையுங்கள், பிரஷ் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அடுத்த பருவத்தில் வெளிச்சம் குறையும். நன்றாக உலர்ந்த பிறகு மடிக்காமல், ஓரத்தில் சுற்றின குழாயிலேயே சுருட்டி, எலி எட்டாத இடத்தில் உத்தரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மடித்தால் மடிப்பில்தான் விரிசல் தொடங்கும். சட்டம் அங்கேயே நிற்கட்டும், மாசிக்கு அப்புறம் வெயில் ஏறினால் அதன் மேல் 35 சதவீத நிழல்வலையோ, திருவட்டார் அண்ணன் சொன்ன ஓலையோ போட்டுக்கொள்ளலாம். ஓலை என்றால் உச்சிக் குழாய் ஒன்று போதாது, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு ஓட்டி விடுங்கள், மழை நனைந்த ஓலை நல்ல கனம்.